வெட்டிய தைலமரம் புல்லுக்குள் மறுபடி துளிர்க்கிறதே, என்ன செய்ய?

(மேய்ச்சல் நிலம், தீவனம், கால்நடை நலம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பெங்களூரு ஹெப்பாலில் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் பதில் அளிக்கிறார்.)

மழை விழ ஆரம்பித்ததும் மாட்டு வியாதி பற்றிய கடிதங்கள்தான் அதிகம் வரும். இந்த முறை பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: புல் விதைத்த நிலத்தில் வேண்டாத மரம் முளைக்கிறது. நகரத்தைச் சுற்றி நம்மவர்கள் இவ்வளவு பேர் புல் போட்டு மாடு வளர்க்க முன்வந்திருப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அதனால் இந்த இதழை முழுக்க இதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: டாக்டரம்மா, ஒசக்கோட்டை தாண்டி எங்களுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. தாத்தா கேழ்வரகு போட்ட நிலம், அப்பா தைலமரம் வைத்தார். போன வருஷம் மரத்தை வெட்டி விற்றுவிட்டு, கறவை மாடுகளுக்காகக் கினியாப் புல்லும் முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனமும் போட்டோம். புல் நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஒவ்வொரு கட்டையிலும் கொத்துக் கொத்தாகத் துளிர்விட்டு இடுப்பளவு நிற்கிறது. அரிவாளால் வெட்ட வெட்ட இன்னும் அதிகமாகிறது. உப்புப் போடு, டீசல் ஊற்று, துளை போட்டுப் பெருங்காயம் வை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் எதைச் செய்ய?
— வாசகர், அல்சூர்

பதில்: உப்பு, டீசல் இரண்டையும் இன்றே மறந்துவிடுங்கள். உப்பு மண்ணைக் கெடுக்கும். டீசலைக் கட்டையில் ஊற்றினால் சுற்றியுள்ள புல்தான் முதலில் கருகும். பெருங்காயத்தை நம்பி ஒரு மழைக்காலத்தை வீணாக்காதீர்கள். சிலர் மயில்துத்தமும் (செம்பு கலந்த உப்பு) வைக்கச் சொல்வார்கள். பின்னாளில் அந்த நிலத்தில் செம்மறி ஆடு மேயப்போகிறது என்றால் அது பெரிய ஆபத்து. செம்மறிக்குச் செம்புச்சத்து கொஞ்சம் கொஞ்சமாக ஈரலில் சேர்ந்து, ஒருநாள் திடீரென்று உயிரை எடுத்துவிடும்.

உங்கள் அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பக்கத்துக்குத் தைலமரம் புதிதும் அல்ல. நந்தி மலையில் திப்பு சுல்தான் காலத்திலேயே, சுமார் 1790-ல், அதை நட்டார்கள். 1980-களில் சமூகக் காடுகள் திட்டம் வந்தபோது கோலாரிலும் பெங்களூரு கிராமப் பகுதிகளிலும் கேழ்வரகு நிலங்கள் ஏக்கர் ஏக்கராகத் தைலமரத் தோப்புகளாகின. ஒருமுறை நட்டால் போதும், வெட்டின கட்டையே திரும்பத் துளிர்த்து மூன்று நான்கு தடவை வெட்டுக்கு வரும் என்பதுதான் அதை நட்டதற்குக் காரணமே. அந்தக் குணத்தோடுதான் இப்போது நீங்கள் மோதுகிறீர்கள். நிலத்தடி நீரை நினைத்துக் கர்நாடக அரசு 2017-ல் புதிதாகத் தைலமரம் நடத் தடை போட்டது. ஆனால் ஏற்கெனவே மண்ணுக்குள் இருக்கும் கட்டைக்கு அரசாணை தெரியாதே.

துளிர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அடிமரத்துப் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் நிறைய இருக்கின்றன. தரைமட்டத்தில், பாதி மண்ணுக்குள் புதைந்தபடி, முண்டு போன்ற ஒரு வீக்கம் இருக்கும்; அதிலும் மொட்டும் சேமித்த மாவுச்சத்தும் உண்டு. மேலே மரம் இருக்கும்வரை அவை எழாது. மரம் போனதும் எல்லாம் ஒன்றாக விழிக்கும். நீங்கள் அரிவாளால் தண்டை நறுக்கும்போது அதன் அடிப்பாகம் கட்டையிலேயே தங்கிவிடுகிறது. ஒன்றை வெட்டினால் நான்காக வருவது அதனால்தான்.

ஆகவே துளிரை வெட்டாதீர்கள், பிடுங்குங்கள். முழங்கால் உயரம் வரும்வரை விடுங்கள். அந்த வளர்ச்சி முழுவதும் வேரில் இருக்கும் சேமிப்பைச் செலவழித்து வருவது. இலை விரிந்து, திரும்ப வேருக்குச் சத்து அனுப்ப ஆரம்பிக்கும் முன், துளிர் கட்டையோடு ஒட்டும் இடத்தில் கடப்பாரையின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினால் பட்டையோடு பிய்ந்து வரும். இளந்துளிரின் பிடிப்பு பலவீனமானது. இடுப்பளவு விட்டுவிட்டால் பிடிப்பு இறுகிவிடும், அப்புறம் கோடரிதான். கினியாப் புல்லை ஏறக்குறைய 45 நாளுக்கு ஒருமுறை அறுப்பீர்கள் அல்லவா? அறுப்பு முடிந்ததும் கட்டைகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். அன்றே ஒரு சுற்று வந்துவிடுங்கள். தனியாக ஆள் வைக்க வேண்டாம், மறந்தும் போகாது. சுற்றுக்குச் சுற்று துளிர்கள் மெலிந்து வருவதை நீங்களே பார்ப்பீர்கள். நடுவில் ஒரு பருவம் விட்டால் சேமிப்பு மறுபடி நிரம்பிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இவ்வளவு பொறுமை இல்லை என்றால் ஜே.சி.பி. வைத்துக் கட்டையை வேரோடு எடுத்துவிடலாம். கையில் பணம் இருந்தால் நான் சொல்வது இதைத்தான். கட்டை விறகுக்குப் போகும், செலவில் கொஞ்சம் திரும்பும். ஆனால் ஓட்டுநரை அவர் இஷ்டத்துக்கு விடாதீர்கள். மேல்மண்ணை ஒரு பக்கம் ஒதுக்கி, கட்டையை எடுத்து, அடிமண்ணை முதலில் தள்ளி, மேல்மண்ணைக் கடைசியில் பரப்பச் சொல்லுங்கள். தலைகீழாகப் போட்டால் அந்தக் குழிகளில் புல் பிடிக்காது. வெறும் மண்ணில் வேறு செடி வந்து உட்கார்ந்துகொள்ளும். குழிகளை மூடிய கையோடு கினியாப் புல் கரணைகளை அரை மீட்டர் இடைவெளியில் ஊன்றிவிடுங்கள்.

இன்னும் புல் போடாமல், மரம் வெட்டும் நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வருஷம் புல் வேண்டாம். கேழ்வரகோ கொள்ளோ தட்டைப்பயறோ போடுங்கள். களை கொத்தும் சாக்கில் வருகிற துளிரையெல்லாம் கண்டுபிடித்து எடுத்துவிடலாம். அடுத்த ஜூன் மழைக்குப் பல்லாண்டுப் புல்லை விதையுங்கள். அடர்ந்த புல்லுக்குள் கட்டையைத் தேடி அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

அல்சூர் வாசகரே, உங்கள் கடிதத்தில் மாட்டை எப்போது மேயவிட்டீர்கள் என்று எழுதவில்லை. புல் விதைத்த முதல் வருஷம் அவசரப்படக் கூடாது. ஒரு கொத்துப் புல்லை மாடு கடித்து இழுப்பதுபோல் கையால் இழுத்துப் பாருங்கள். இலை அறுந்து வந்தால் மேய விடலாம். வேரோடு வந்தால் இன்னும் காலம் ஆகவில்லை. மேய்ந்தபின் ஒரு சாண் உயரமாவது புல் மிஞ்சட்டும். மொட்டையாக மேய்ந்த இடத்தில்தான் மரக்கன்று முளைக்க வெளிச்சமும் இடமும் கிடைக்கும். மேய்ச்சல் நிலத்தில் மரத்தை நிரந்தரமாகத் தடுத்து நிறுத்துவது புல்தான். கடப்பாரையும் ஜே.சி.பி.யும் அதற்கு உதவிக்கு வருகிறவை.

கேள்வி: ஆனேக்கல் பக்கம் குத்தகை நிலத்தில் வெள்ளாடும் நாலு மாடும் வைத்திருக்கிறேன் அக்கா. கொழுக்கட்டைப் புல் விதைத்தேன். எங்கள் நிலத்திலோ பக்கத்திலோ ஒரு சீமைக்கருவேல மரம்கூட இல்லை. ஆனாலும் சாணம் விழுந்த இடமெல்லாம் அதன் கன்று முளைக்கிறது. இது எப்படி?
— இளம் வாசகர், அத்திப்பள்ளி

பதில்: தம்பி, பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. சாணம் விழுந்த இடம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். மாடுகளைச் சந்தையில் வாங்கினீர்களா, அல்லது ஏரிக்கரையில் மேய்த்துவிட்டு ஓட்டிவருகிறீர்களா? எங்கோ நெற்று தின்றிருக்கின்றன.

சீமைக்கருவேல நெற்று இனிக்கும். மாடு ஆசையாகத் தின்னும். விதையின் மேலுறை மிகக் கெட்டி. முயல் மசால் விதையை 80 டிகிரி வெந்நீரில் நாலைந்து நிமிடம் போட்டு, இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து விதைக்கச் சொல்கிறோமே, எதற்கு? கெட்டியான உறை இளகினால்தான் முளைக்கும் என்பதற்கு. சீமைக்கருவேலத்துக்கு அந்த வேலையை மாட்டின் வயிறு செய்துகொடுக்கிறது. செய்துகொடுத்து, ஈரமான எருவோடு சேர்த்து உங்கள் புல்லுக்கு நடுவில் வைத்தும் விடுகிறது. 1877-ல் ஜமைக்காவிலிருந்து விதை வந்து கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் விதைத்தது, தக்காணம் முழுக்கப் பரவியதில் கால்நடைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இலையை ஆடுமாடு சீண்டாது. ஆகவே கன்று வந்தபின் ஆடு மேய்ந்து அழித்துவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

இனி வெளியிலிருந்து வரும் மாட்டையும் ஆட்டையும் ஒரு வாரம் கொட்டகையிலேயே கட்டித் தீவனம் போடுங்கள். வயிற்றில் உள்ள விதை அங்கேயே விழுந்துவிடும். அந்தச் சாணத்தைப் பச்சையாக நிலத்தில் போடாமல், குவித்து, புரட்டி, நன்றாகச் சூடேறி மக்கியபின் போடுங்கள். பங்குனி, சித்திரையில் நெற்று உதிரும் காலத்தில் ஏரிக்கரை மேய்ச்சலை நிறுத்துங்கள்.

முளைத்துவிட்ட கன்றுகளை நல்ல மழை பெய்த மறுநாள் கையால் பிடுங்கலாம், ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கும்போது. அதைத் தாண்டினால் இழுக்கும்போது மேலே அறுந்து, கீழே மொட்டு தங்கிவிடும். தண்டும் வேரும் சேரும் இடத்தை நாம் வேர்க்கழுத்து என்போம். சீமைக்கருவேலம் அங்கிருந்துதான் திரும்ப எழும். அதற்குக் கீழே போய்விட்டால் வேரிலிருந்து அது துளிர்ப்பதில்லை. சற்றுப் பெரிய செடியென்றால் மண்ணைத் தோண்டி, தரைக்கு ஒரு சாண் கீழே வேரை வெட்டி, கழுத்தோடு வெளியே எடுத்துவிடுங்கள். தரைமட்டத்தில் வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்று போனால், ஒற்றைத் தண்டாக இருந்தது அடுத்த மழைக்கு முட்புதராக நிற்கும். விதை மண்ணில் பல வருஷம் உறங்கும் என்பதால், வருஷம் தவறாமல் முதல் மழைக்குப் பின் ஒருமுறை நிலத்தை நடந்து பாருங்கள்.

கால்நடை மருத்துவராக இதையும் சொல்லியாக வேண்டும். கோடையில் வேறு தீவனம் இல்லாமல் இந்த நெற்றையே பிரதானமாகத் தின்ற மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் தாடை செயலிழந்து போவது உண்டு. மெல்ல முடியாமல், நாக்கு தொங்கி, வாயில் போட்டது கீழே விழும். கன்னத்துச் சதை வற்றிப்போகும். நெற்றில் உள்ள ஒரு நச்சுப்பொருள், மெல்லும் தசைகளை இயக்கும் மூளை நரம்பணுக்களைப் பாதிப்பதால் வருவது. நெற்று சத்துள்ள தீவனம்தான், மறுக்கவில்லை. விதையும் நொறுங்கும்படி அரைத்து, அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் கலந்து கொடுத்தால் சத்தும் கிடைக்கும், விதையும் பரவாது.

கேள்வி: இவ்வளவு கஷ்டம் எதற்கு மேடம், நல்ல களைக்கொல்லி ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள். தேவனஹள்ளி பக்கம் இரண்டு ஏக்கர் புல். சுற்றிலும் திராட்சைத் தோட்டம்.
— வாசகர், எலஹங்கா

பதில்: சுற்றிலும் திராட்சை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. 2,4-டி என்ற மருந்து புல்லை விட்டுவிட்டு அகல இலைச் செடிகளைக் கொல்லும் என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் முயல் மசால், வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனமும் அகல இலைதான், அதுவும் போய்விடும். அதைவிட முக்கியம், காற்றில் வரும் அந்த மருந்தின் வாடையைக்கூடத் திராட்சைக்கொடி தாங்காது. உங்கள் அக்கம்பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் புவிசார் குறியீடு பெற்ற பெங்களூர் நீல திராட்சையாக இருக்கும். ஒரு குடும்பத்தின் வருஷ வருமானம். தெளிப்பானைத் தொடவே தொடாதீர்கள். கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லியோ தொட்ட புல்லையும் சேர்த்துக் கொல்லும். அதைப் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது.

தவிர்க்கவே முடியாத பெரிய கட்டைகள் இருந்தால், மருந்தைத் தெளிக்காமல் தூரிகையால் பூசும் முறை இருக்கிறது. புதிதாக வெட்டிய பரப்பில், வெட்டிய சில நிமிடங்களுக்குள், பட்டையை ஒட்டிய வெளிவட்டத்தில் மட்டும் பூச வேண்டும். நடுவில் இருப்பது உயிரற்ற கட்டை, அங்கே பூசுவது வீண். தாமதித்தால் வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும், மருந்து உள்ளே போகாது. எந்த மருந்து, எவ்வளவு, மாட்டை எத்தனை நாள் விலக்கிவைப்பது என்பதை உங்கள் ஹோப்ளியின் ரைத சம்பர்க்க கேந்திராவில் (வேளாண்துறையின் விவசாயிகள் உதவி மையம்) நேரில் கேட்டு, டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் படித்து முடிவு செய்யுங்கள். நிலத்தைப் பார்க்காமல் நான் பத்திரிகையில் அளவு எழுத மாட்டேன்.

கேள்வி: புதர்களுக்குத் தீ வைத்தால் என்ன?
— வாசகி, கே.ஆர்.புரம்

பதில்: வேண்டாம். புல் கருகும், மண்ணுக்குள் இருக்கும் வேர்க்கழுத்து பிழைக்கும். பக்கத்து நிலத்துக்குத் தீ தாவினால் யார் பொறுப்பு?

கேள்வி: கனகபுரா சாலையில் எங்கள் புல் நிலத்தின் ஓரம் முழுக்க உண்ணிச்செடி (லாண்டானா). வெட்டினாலும் வருகிறது. போன வாரம் எங்கள் எச்.எஃப். (கருப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன்) மாட்டுக்கு வெள்ளையாக இருக்கும் இடத்தில் மட்டும் தோல் உரிகிறது, கருப்புத் தோல் நன்றாக இருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
— வாசகி, பனசங்கரி

பதில்: உண்டு அம்மா. இதைப் படிக்கும்வரை மாட்டை மருத்துவரிடம் காட்டாமல் இருந்தால் இன்றே காட்டுங்கள். உண்ணிச்செடி இலை ஈரலைக் கெடுக்கும். ஈரல் கழிக்க வேண்டிய பொருள் இரத்தத்தில் தங்கி, வெயில் பட்டதும் தோலைப் புண்ணாக்கும். கருப்புத் தோலுக்கு நிறமே காவல், வெள்ளைத் தோலுக்கு அது இல்லை. கண் மஞ்சளாக இருக்கிறதா, சாணம் இறுகி அசைபோடுவது நின்றிருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவர் வரும்வரை இருண்ட கொட்டகையில், வெயில் படாமல், தண்ணீர் தாராளமாக வைத்துக் கட்டுங்கள். பசியில்லாத மாடு இதைத் தின்னாது. புல் தீர்ந்த நிலத்தில் விடப்பட்டதும், புதிதாக வாங்கி வந்ததும்தான் தின்னும்.

செடியை அழிக்க, டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபுவும் அவர் குழுவினரும் சொன்ன முறையையே நானும் சொல்கிறேன். தரைக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கீழே மண்வெட்டியால் முதன்மை வேரை வெட்டி, செடியை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள். வேர் மேலே பார்த்துக் காயும், மண்ணைத் தொட்டு மறுபடி பிடிக்காது. பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கும். அதனால் வெட்டிய இடத்தை வெறுமையாக விடாமல் உடனே புல் விதையுங்கள். ஹெசரகட்டாவில் மத்திய அரசின் தீவனப் பயிர் நிலையம் இருக்கிறது, விதைக்கு அங்கே விசாரியுங்கள்.

கேள்வி: சூபாபுல் மாடு தின்னும் மரம்தானே, அதையும் ஏன் எடுக்கச் சொல்கிறார்கள்?
— வாசகர், ஓசூர்

பதில்: எடுக்க வேண்டாம், காய்க்க விடாதீர்கள். இடுப்பளவில் வெட்டி வெட்டித் தீவனமாகப் பயன்படுத்தினால் கட்டுக்குள் இருக்கும். ஒரு பருவம் நெற்று முற்ற விட்டால் கீழே கம்பளம்போல் கன்று முளைக்கும். தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் மைமோசின் என்ற பொருளால் முடி கொட்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா, எனக்குப் பூர்வீகம் தாராபுரம். இங்கே மாகடி பக்கம் நிலம் வாங்கிப் புல் போடப்போகிறேன். நிலத்தில் தைலமரத்தோடு மூன்று வெள்வேல், இரண்டு புங்கம் நிற்கின்றன. விதைப்புக்கு இடைஞ்சல், எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துவிடு என்கிறார்கள். எடுக்கலாமா?
— வாசகர், பொம்மனஹள்ளி

பதில்: ஐயா, தாராபுரத்துக்காரர் வெள்வேலை வெட்டலாமா என்று கேட்பதைப் படித்துக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். நான் காங்கேயம் பக்கத்தில் பிறந்தவள். நம் ஊர் மேய்ச்சல் நிலமான கொரங்காடு எப்படி இருக்கும்? சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல். மழை பொய்த்த கோடையில் புல் காய்ந்து நிற்கும்போது வெள்வேல் நெற்றுதானே ஆட்டையும் மாட்டையும் காப்பாற்றும்? நிழலும் அதுதான். நம் பெரியவர்கள் அந்த மரத்தை ஒழித்துக்கட்டவில்லை, அளவோடு வைத்திருந்தார்கள். தேவையான இடத்தில் ஒரு கன்றை விட்டு, மற்றதைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கினார்கள். மேய்ச்சல் நிலத்தில் மரத்தைக் கட்டுப்படுத்துவது என்று நான் இந்த இதழ் முழுக்கச் சொல்லிவந்ததும் அதைத்தான்.

இங்கே நீங்கள் வளர்க்கப்போவது கலப்பின மாடாக இருந்தால் நிழல் இன்னும் அவசியம். மதிய வெயிலில் ஒதுங்க இடமில்லாத கறவை மாடு தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும், பால் அன்றே இறங்கும். வெள்வேலும் புங்கமும் இருக்கட்டும். கீழ்க்கிளைகளை மட்டும் கழித்துவிடுங்கள். வெளிச்சம் உள்ளே விழும். மரத்தடியில் நிழலைத் தாங்கும் கினியாப் புல்லும் வெட்டவெளியில் கொழுக்கட்டைப் புல்லும் போட்டால் இரண்டுமே பிடிக்கும்.

சட்டத்தையும் யோசியுங்கள். 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்தில் நிற்கும் மரமானாலும் வெட்ட வனத்துறையின் அனுமதி வேண்டும். தைலமரம், சவுக்கு, சூபாபுல், சில்வர் ஓக், சீமைக்கருவேலம் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. வெள்வேலும் புங்கமும் அந்தப் பட்டியலில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். எதற்கும் வேலை தொடங்கும் முன் உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். ஜே.சி.பி. வருவதற்கு முந்தின நாளே, நிற்க வேண்டிய ஐந்து மரத்துக்கும் நெஞ்சளவில் சுண்ணாம்புப் பட்டை அடித்து வையுங்கள். ஓட்டுநர் காலையில் வரும்போது நீங்களும் நிலத்தில் இருங்கள்.